கிழியும் திரை, திக்கும் ஆட்டம்: ரெட்ரோ எமுலேட்டரில் வரும் காட்சிக் கோளாறுகளைச் சரிசெய்யும் முழுமையான வழிகாட்டி

பழைய ஆட்டப் பெட்டிகளின் ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் மென்பொருள்தான் எமுலேட்டர். அதில் சோனிக் முழு வேகத்தில் ஓடும்போது பின்னால் வரும் பனைமரத்தைக் கவனியுங்கள். மரத்தின் மேல்பாதி ஓரிடத்திலும் கீழ்பாதி கொஞ்சம் தள்ளியும் நிற்கிறதா? குறுக்கே கத்தரித்துவிட்டு, சரியாக ஒட்டாமல் விட்டதுபோல் இருக்கிறதா? அதுதான் ஸ்கிரீன் டியரிங். இந்தக் கட்டுரையில் அதைக் கிழிசல் என்றே எழுதுகிறேன். சோனிக் சமதரையில் ஓடும் உச்ச வேகம் ஃபிரேமுக்கு (ஆட்டம் அடுத்தடுத்துக் காட்டும் ஒவ்வொரு படத்துக்கும்) 6 பிக்சல். படத்தை 4 மடங்கு பெரிதாக்கி ஆடினால் அந்த வெட்டு 24 பிக்சல் தள்ளி விலகித் தெரியும். பார்க்காத மாதிரி இருக்க முடியாது.

இன்னொரு கோளாறும் உண்டு. எங்கேயும் வெட்டு இருக்காது, ஆனால் வழுக்கிக்கொண்டு போகிற பின்னணி சில விநாடிக்கு ஒருமுறை டக்கென்று தடுக்கிவிட்டு மறுபடி ஓடும். இதைத் திக்கல் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் வேறு வேறு நோய். ஒன்றுக்கு மருந்து கொடுத்தால் மற்றது தலைகாட்டும். வி-சிங்க்கைப் (ஆட்டத்தைத் திரையின் வேகத்தோடு கட்டிவைக்கும் செட்டிங்) போட்டால் கிழிசல் போய்த் திக்கல் வரும். திக்கலுக்குப் பயந்து அதை அணைத்தால் கிழிசல் திரும்ப வரும். பெரும்பாலானவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஊஞ்சல் ஆடுகிறார்கள்.

நானும் ஆடினேன், முழுசாக ஒரு வாரம். செகண்ட் ஹேண்டில் ஒரு மானிட்டர் வாங்கியிருந்தேன். டிரைவரை அழித்துத் திரும்பப் போட்டேன், கேபிளை மாற்றினேன், நான்கு எமுலேட்டர் இறக்கிப் பார்த்தேன், ஒன்றுக்கும் அசையவில்லை. கடைசியில் பார்த்தால் மானிட்டர் 75 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 75 முறை வரைந்து, ஓடிக்கொண்டிருந்தது. 60-க்கு மாற்ற அரை நிமிடம்கூட ஆகவில்லை. எந்தச் செட்டிங்கையும் தொடுவதற்கு முன்னால் இரண்டு எண்களைத் தெரிந்துகொள்ளுங்கள் என்று இப்போது யார் கேட்டாலும் சொல்வது அதனால்தான். ஆட்டம் விநாடிக்கு எத்தனை ஃபிரேம் தருகிறது என்பது ஒரு எண். திரை விநாடிக்கு எத்தனை முறை வரைகிறது என்பது இன்னொன்று.

அந்த இரண்டு எண்கள்

திரை ஒரு படத்தை மேலிருந்து கீழாக, வரி வரியாக வரைகிறது. பாதி வரைந்து முடித்திருக்கும்போது எமுலேட்டர் அடுத்த ஃபிரேமைக் கொண்டுவந்து மாற்றிவிட்டால், மேல்பாதி பழைய படம், கீழ்பாதி புதிய படம். இரண்டும் சேரும் இடத்தில் கிழிசல். 'வரைந்து முடிக்கும்வரை புதியதைக் கொடுக்காதே' என்று எமுலேட்டரை நிறுத்தி வைப்பதுதான் வி-சிங்க்.

பழைய குழாய் டிவியில் இந்தத் தொல்லையே இல்லை. அங்கே தாளம் போட்டது கன்சோல், அதாவது டிவியில் செருகி ஆடும் பெட்டி. அது அனுப்பும் சிக்னலுக்கு ஏற்பத்தான் டிவியின் கதிர் மேலும் கீழும் ஓடியது. இன்றைய மானிட்டருக்கு அதன் சொந்தத் தாளம் இருக்கிறது. பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ். ஆனால் பழைய கன்சோல் ஒன்றுகூடச் சரியாக 60-ல் ஓடவில்லை. அமெரிக்க, ஜப்பானிய என்.இ.எஸ்., சூப்பர் நிண்டெண்டோ இரண்டும் 60.0988 ஹெர்ட்ஸ். மெகா டிரைவ் 59.92. கேம்பாய், கேம்பாய் அட்வான்ஸ் 59.7275. நியோ ஜியோ 59.19. பேக்-மேன் ஆர்கேட் (கடையில் காசு போட்டு ஆடும் இயந்திரம்) பலகை 60.61. மோர்ட்டல் காம்பேட் ஆர்கேட் 54.7, ஆர்-டைப் 55. வொண்டர்ஸ்வான் என்ற கையடக்கக் கருவி 75.47. பழைய டாஸ் ஆட்டங்கள் பல, விஜிஏ என்ற பழைய கணினித் திரைமுறையின் 70 ஹெர்ட்ஸில்.

இதில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசத்தால் 1-ஐ வகுத்தால், எத்தனை விநாடிக்கு ஒருமுறை கோளாறு வரும் என்பது கிடைக்கும். சூப்பர் நிண்டெண்டோ 60 ஹெர்ட்ஸ் திரையில் ஓடினால் வித்தியாசம் 0.0988, ஏறக்குறைய 10 விநாடிக்கு ஒரு ஃபிரேம் இடம் இல்லாமல் தொலைந்துபோகும். கேம்பாய் அட்வான்ஸ் என்றால் வித்தியாசம் 0.2725, 3.7 விநாடிக்கு ஒருமுறை ஏதாவது ஒரு ஃபிரேம் இரண்டு தடவை வரும். மோர்ட்டல் காம்பேட்டில் விநாடிக்கு ஐந்துக்கும் மேல் வரும். அது தனிக்கதை, பிறகு வருகிறேன்.

முதலில் எது நோய் என்று பாருங்கள்

240பி டெஸ்ட் சூட் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. ஆர்டெமியோ உர்பினா உருவாக்கியது. சூப்பர் நிண்டெண்டோ, மெகா டிரைவ் என்று பல கன்சோல்களுக்கு அதன் பதிப்பு உண்டு, சாதாரண ஆட்டம்போல எமுலேட்டரில் திறந்துகொள்ளலாம். அதில் ஸ்க்ரோல் டெஸ்ட்டை ஓடவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு ஒரு நிமிடம் பாருங்கள். ஆடிக்கொண்டே கோளாறு தேடினால் கண் ஏமாற்றும்.

நேராக நிற்கவேண்டிய தூண் எங்காவது வெட்டுப்பட்டால் கிழிசல். வெட்டு இல்லாமல் அசைவு மட்டும் தடுக்கினால் திக்கல். வெட்டு மெதுவாக மேலோ கீழோ ஊர்ந்தால் கடிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்று வர ஏறக்குறைய 10 விநாடி எடுத்தால், மேலே போட்ட கணக்கின்படி வி-சிங்க் வேலை செய்யவில்லை, மற்றபடி இரண்டு எண்களும் பக்கத்தில்தான் இருக்கின்றன என்று அர்த்தம். வெட்டு ஒரே இடத்தில் நிற்காமல் திரை முழுக்கக் குதித்தால் எண்கள் ரொம்பத் தள்ளி இருக்கின்றன, அல்லது கணினி மூச்சு வாங்குகிறது.

பல எமுலேட்டர்களை ஒரே இடத்தில் ஓட்டும் ரெட்ரோஆர்ச் மென்பொருளில் எஃப்3 அழுத்தினால் விநாடிக்கு எத்தனை ஃபிரேம் என்பது திரையில் தெரியும். அது 60-ஐ ஒட்டியே நின்றால் கணினிக்குச் சக்தி போதும். 48, 53 என்று இறங்கி ஏறினால் இந்த வழிகாட்டியில் பாதி உங்களுக்குத் தேவையில்லை. லேசான எமுலேட்டருக்கு மாறுங்கள். சூப்பர் நிண்டெண்டோவுக்கு பி-ஸ்னெஸ் (bsnes) எமுலேட்டருக்குப் பதில் ஸ்னெஸ்9எக்ஸ் போட்டால் பழைய மடிக்கணினியும் மூச்சுவிடும். லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகி, பவர் மோடைக் கூட்டியும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

யாரிடமாவது உதவி கேட்க ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பாதீர்கள். அதில் கிழிசல் விழாது. ஸ்கிரீன்ஷாட் எடுப்பது கணினியின் நினைவகத்தில் முழுசாக இருக்கும் படத்தை. கிழிவது அது திரைக்குப் போகும் வழியில். செல்போனில் வீடியோ எடுத்து அனுப்புங்கள்.

திரையின் எண்ணைச் சரிசெய்தல்

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே வழியாக அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேக்குப் போனால் ரெஃப்ரெஷ் ரேட் இருக்கும். சாதாரண மானிட்டர் என்றால் அங்கே 60, 120, 240 இவற்றில் ஒன்றுதான் இருக்கவேண்டும். காரணம் வகுத்தல்தான். 120-ல் ஒவ்வொரு ஃபிரேமும் சரியாக இரண்டு முறை வரும். 144-ஐ 60-ஆல் வகுத்தால் 2.4, சில ஃபிரேம் இரண்டு முறை, சில மூன்று முறை என்று நொண்டும். 75-ல் நான்கு ஃபிரேமுக்கு ஒன்று இரட்டித்து வரும், அதாவது விநாடிக்கு 15 தடுக்கல். 'பெரிய எண்தானே நல்லது' என்று நினைத்து 144-ல் விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். புதிய ஆட்டங்களுக்கு அது நல்லதுதான், பழைய ஆட்டத்துக்கு 120 போதும். விண்டோஸ் 11 மடிக்கணினி சிலவற்றில் டைனமிக் ரெஃப்ரெஷ் ரேட் என்று ஒன்று இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். நடுவில் தானாகவே எண்ணை மாற்றி விளையாட்டைக் கெடுக்கும்.

செல்போனிலும் இதே கதைதான். 90 ஹெர்ட்ஸ் திரையில் 60 ஃபிரேம் ஆட்டம் ஒன்றரை ஒன்றரையாகப் பிரிந்து நடக்கும். ஆண்ட்ராய்டில் கிழிசல் வருவது அரிது, திக்கல்தான் வரும். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 60 அல்லது 120 என்று நிலையாக வைத்துவிட்டு ஆடுங்கள்.

பெரிய டிவியில் இணைத்திருந்தால் கவனிக்கவேண்டிய ஒரு பொறி இருக்கிறது. கணினியின் எச்டிஎம்ஐ 1.4 என்றால் 4கே படத்தை விநாடிக்கு 30 முறைதான் அனுப்பமுடியும். டெஸ்க்டாப்பில் மவுஸ் கொஞ்சம் மந்தமாக நகரும், அவ்வளவுதான், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். எமுலேட்டரைத் திறந்து வி-சிங்க் போட்டால்தான் குட்டு வெளிப்படும்: ஆட்டம் பாதி வேகத்தில் நகரும், பாட்டு இழுபடும். இங்கே எமுலேட்டர் மேல் தப்பே இல்லை. 1080-க்கு இறக்கி 60 ஹெர்ட்ஸ் வையுங்கள். 240 வரி கொண்ட ஆட்டத்துக்கு 4கே எதற்கு? டிவியில் கேம் மோடையும் போட்டுவிடுங்கள். அசைவை மெருகேற்றுகிறேன் என்று டிவி செய்யும் வேலையெல்லாம் பழைய ஆட்டத்தின் மேல் மைதா பூசியதுபோல் இருக்கும்.

வி-சிங்க்கை ஒரே இடத்தில் போடுங்கள்

எமுலேட்டருக்குள் ஒரு வி-சிங்க், கிராஃபிக்ஸ் கார்டின் கண்ட்ரோல் பேனலில் ஒன்று, டெஸ்க்டாப் தன் பங்குக்கு ஒன்று. ஒரு வீட்டில் மூன்று பேர் சமையலுக்கு உப்புப் போட்டால் என்ன ஆகும்? கண்ட்ரோல் பேனலில் 'ஆட்டம் சொல்கிறபடி செய்' என்ற தேர்வை வைத்துவிட்டு, எமுலேட்டருக்குள் மட்டும் வி-சிங்க்கைப் போடுங்கள். என்விடியாவின் ஃபாஸ்ட் சிங்க், ஏஎம்டியின் என்ஹான்ஸ்டு சிங்க் இரண்டும் அணைந்தே இருக்கட்டும். விநாடிக்கு 200, 300 ஃபிரேம் தள்ளும் புதிய ஆட்டங்களுக்காகச் செய்யப்பட்டவை அவை. 60 மட்டுமே தரும் எமுலேட்டருக்கு அவற்றால் திக்கல்தான் மிச்சம்.

ரெட்ரோஆர்ச்சில் எஃப்1 அழுத்தி மெனுவுக்கு வந்து, செட்டிங்ஸ், வீடியோ, சிங்க்ரனைசேஷன் என்று போங்கள். வி-சிங்க் ஆன். ஸ்வாப் இன்டர்வல் (ஒரு ஃபிரேமைத் திரை எத்தனை முறை வரையவேண்டும் என்பது) 60 ஹெர்ட்ஸ் திரைக்கு 1, 120 என்றால் 2. இதை மறந்துவிட்டு '120-ல் ஆட்டம் தாறுமாறாக ஓடுகிறது' என்று புலம்புபவர்கள் உண்டு. பக்கத்தில் அவுட்புட் பகுதியில் த்ரெடட் வீடியோ ஆஃப். பலவீனமான கருவியில் வேகம் கூட்டுவதற்காக வந்தது அது. அதற்கு விலையாகச் சீரான அசைவை வாங்கிக்கொள்ளும்.

ஒலியை வளைத்துத் தீர்க்கும் வித்தை

இப்போது உங்கள் திரை 60, ஆட்டம் 60.0988. வி-சிங்க் போட்டாயிற்று, கிழிசல் இல்லை. திரை சொல்லும் வேகத்துக்கு ஆட்டம் ஒரு நூலளவு மெதுவாகிவிட்டது. கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். ஒலி அட்டை தன் கணக்குப்படி ஒலியை விழுங்கிக்கொண்டே இருக்கும்; எமுலேட்டரோ கொஞ்சம் குறைவாகத் தயாரிக்கிறது. கையிருப்பு காலியானதும் 'பட்' என்று ஒரு வெடிப்பு. முன்பெல்லாம் கிழியாத படம் வேண்டுமா, வெடிக்காத பாட்டு வேண்டுமா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டியிருந்தது.

இதற்கு ரெட்ரோஆர்ச்சில் ஒரு அழகான தீர்வு வந்தது. அதை எழுதிய ஹான்ஸ்-கிறிஸ்டியன் ஆர்ன்ட்சென் 2012-ல் இதைத் தனிக் கட்டுரையாகவே விளக்கியிருக்கிறார். ஒலிக் கையிருப்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே, ஒலியின் வேகத்தை 0.5 சதவீதத்துக்குள் கூட்டிக் குறைப்பது. சுருதியில் இவ்வளவு சின்ன மாற்றத்தைக் காது கண்டுபிடிக்காது. படமும் கிழியாது, பாட்டும் வெடிக்காது. டைனமிக் ஆடியோ ரேட் கன்ட்ரோல் என்ற பெயரில் ஆடியோ பகுதியில் இருக்கிறது, முதலிலிருந்தே ஆன் ஆகித்தான் இருக்கும், அப்படியே விடுங்கள்.

இந்த வித்தை பலிக்க ஒரு நிபந்தனை உண்டு. திரையின் உண்மையான எண் ரெட்ரோஆர்ச்சுக்குத் தெரியவேண்டும். '60' என்று சொல்லிக்கொள்ளும் திரை பல நேரம் 59.94 ஆகவோ 60.02 ஆகவோ இருக்கும். வீடியோ, அவுட்புட்டில் எஸ்டிமேட்டட் ஸ்கிரீன் ரெஃப்ரெஷ் ரேட் என்ற வரியைத் தேடுங்கள். முழுத்திரையில், வி-சிங்க் ஆன், த்ரெடட் வீடியோ ஆஃப் என்ற நிலையில், வேறு எதையும் தொடாமல் ஒன்றிரண்டு நிமிடம் விட்டுவிடுங்கள். எண் ஆடி ஆடி ஓரிடத்தில் நிற்கும். நின்ற பிறகு அந்த வரியின் மேல் என்டர் தட்டினால் அந்த எண் பதிவாகிவிடும். ஆடிக்கொண்டிருக்கும்போதே அவசரப்பட்டுத் தட்டிவிட்டால், இல்லாத கோளாறு ஒன்றை நீங்களே உண்டாக்கியிருப்பீர்கள்.

வேறு எமுலேட்டர் என்றால்? பெரும்பாலானவற்றில் 'ஒலியோடு ஒத்துப்போ', 'படத்தோடு ஒத்துப்போ' என்று இரண்டு தேர்வு தனித்தனியாக இருக்கும். ஸ்க்ரோல் ஆகும் ஆட்டத்துக்கு நான் எப்போதும் படத்தின் பக்கம்தான்.

விண்டோவா, முழுத்திரையா

விண்டோஸில் எமுலேட்டரைச் சிறு விண்டோவில் ஓட்டினால் டெஸ்க்டாப்பின் சொந்த வி-சிங்க் எப்போதும் குறுக்கே நிற்கும். கிழியாது, ஆனால் பொத்தான் அழுத்துவதற்கும் குதிப்பதற்கும் நடுவே தாமதம் சேரும், சில சமயம் திக்கும். முழுத்திரைக்குப் போங்கள், ரெட்ரோஆர்ச்சில் எஃப் எழுத்து போதும். முழுத்திரையிலும் தடுக்கினால் வீடியோ, ஃபுல்ஸ்கிரீன் மோடில் விண்டோட் ஃபுல்ஸ்கிரீன் என்பதை அணைத்துப் பாருங்கள். இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்கள், ஒன்று 60 இன்னொன்று 144 என்றால், இரண்டாவதைக் கழற்றிவிட்டு ஒருமுறை சோதியுங்கள். பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.

லினக்ஸில் பழைய எக்ஸ்11 டெஸ்க்டாப்தான் கிழிசலுக்குப் பேர்போனது. வேலண்டுக்கு மாறினால் பெரும்பாலும் தீரும். மாற முடியாதவர்கள் ஏஎம்டி, இன்டெல் டிரைவரில் டியர்ஃப்ரீ என்ற தேர்வையும், என்விடியாவில் ஃபோர்ஸ் ஃபுல் காம்போசிஷன் பைப்லைன் என்பதையும் போடலாம். ராஸ்ப்பெர்ரி பை-யில் லக்கா மாதிரி டெஸ்க்டாப்பே இல்லாமல் நேராக எமுலேட்டருக்குள் எழும் சிஸ்டம் போட்டிருந்தால் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள்.

எதிலும் அடங்காத ஆட்டங்கள்

மோர்ட்டல் காம்பேட்டின் 54.7-ஐ 60 திரைக்கு இழுத்தால் ஆட்டம் 9 சதவீதத்துக்கும் மேல் வேகமாகிவிடும். எதிராளியின் அடி அத்தனை வேகமாக வந்தால் அது வேறு ஆட்டம். ரெட்ரோஆர்ச் 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இழுக்காது. சரியான வேகத்திலேயே ஓட்டிவிட்டுத் திக்கலைப் பொறுத்துக்கொள்ளும். நியோ ஜியோவின் 59.19 இந்த எல்லைக்குள் வருவதால் ஒன்றரை சதவீதம்கூட வேகம் கூடாமல் வழவழவென்று ஓடும். ஆர்கேட் எமுலேட்டரான மேமில் (MAME) சிங்க் ரெஃப்ரெஷ் என்ற தேர்வு இப்படி எல்லை பார்க்காமல் எல்லாவற்றையும் திரையின் வேகத்துக்கு இழுத்துவிடும். பேக்-மேனுக்கு அது சரி, மோர்ட்டல் காம்பேட்டுக்கு வேண்டாம். அங்கே வெயிட் வி-சிங்க் மட்டும் போதும்.

இந்த ஆட்டங்களுக்கு உண்மையான மருந்து, ஆட்டத்தின் தாளத்துக்கு ஆடும் திரை: ஃப்ரீசிங்க், ஜி-சிங்க். பழைய குழாய் டிவியின் குணம் திரும்பி வந்ததுபோல. உங்கள் மானிட்டரில் இது இருந்தால் ரெட்ரோஆர்ச்சின் சிங்க் டு எக்ஸாக்ட் கன்டென்ட் ஃபிரேம்ரேட் என்பதை ஆன் செய்யுங்கள், வி-சிங்க்கும் ஆனில் இருக்கட்டும். இப்போது முன்னால் சொன்னதற்கு நேர் எதிராக ஒன்று சொல்லப்போகிறேன்: மானிட்டரை 60-ல் வைக்காதீர்கள், இருப்பதிலேயே பெரிய எண்ணில் வையுங்கள். 60-ல் வைத்தால் உச்சவரம்பே 60 ஆகிவிடும், 60.0988 அதைத் தாண்டி முட்டும், ஃப்ரீசிங்க் கழன்றுகொள்ளும். 144-ல் வைத்தால் 54.7, 55, 60.61, 70, 75.47 எல்லாம் தாராளமாக உள்ளே அடங்கும். கீழ்வரம்பையும் பாருங்கள். பல மானிட்டரில் அது 48.

டாஸ் ஆட்டங்களின் 70 ஹெர்ட்ஸும் இதில் தீரும். ஆனால் கம்ப்யூட்டர் சென்டரில் நாம் ஆடிய டேவ் (டேஞ்சரஸ் டேவ்), பிரின்ஸ் (பிரின்ஸ் ஆஃப் பெர்சியா) இரண்டுக்கும் இதெல்லாம் வேண்டாம். பிரின்ஸ் அறை அறையாக மாறும், டேவ் ஓரத்துக்கு வந்தால்தான் திரை நகரும். எப்போதும் வழுக்கிக்கொண்டிருக்கும் ஆட்டத்தில்தான் திக்கல் உறுத்தும்.

காண்ட்ராவும் 50 ஹெர்ட்ஸும்

சின்ன வயதில் டிவி கேம் பெட்டியில் காண்ட்ரா ஆடியவர்கள், இன்று எமுலேட்டரில் திறந்ததும் 'என்ன இது, இவ்வளவு வேகம்?' என்று திகைப்பார்கள். எனக்குத்தான் வயதாகிவிட்டது என்று நினைத்திருந்தேன். அக்கா பையன் பக்கத்தில் உட்கார்ந்து, "மாமா, அந்தக் காலத்துல நிஜமாவே இதை முடிச்சீங்களா?" என்று கேட்டான். முடித்தேன் தம்பி, ஆனால் அது இந்த வேகமில்லை.

நம் ஊர் டிவி பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை, 50 ஹெர்ட்ஸ். அதற்கென்று செய்யப்பட்ட நகல் பெட்டிகள் விநாடிக்கு 50 ஃபிரேம்தான் தந்தன. ஆட்டத்தின் கணக்கெல்லாம் ஃபிரேமை வைத்துத்தான் என்பதால் ஓட்டம், குதிப்பு, குண்டு எல்லாமே ஆறில் ஒரு பங்கு மெதுவாயின. பாட்டும் மெதுவாயிற்று, ஆனால் சுருதி கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. பெட்டிக்குள் இருந்த பிராசஸரின் கடிகாரத்தை அசலுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்ததுதான் காரணம். ரஷ்யாவில் இந்த வகைப் பெட்டி டெண்டி என்ற பெயரில் விற்றது, எமுலேட்டர்களும் அந்தப் பெயரையே வைத்திருக்கின்றன. மெசன், நெஸ்டோபியா இரண்டிலும் ரீஜன் செட்டிங்கில் டெண்டி என்று இருக்கும். அதைப் போட்டால் உங்கள் பழைய காண்ட்ரா திரும்பி வரும்.

வந்ததும் இன்னொன்றும் கூடவே வரும்: 60 திரையில் 50 ஃபிரேம், ஐந்து ஃபிரேமுக்கு ஒரு தடுக்கல். டிவி என்றால் பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ் தேர்வு இருக்கும், அதற்கு மாற்றுங்கள். 100 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் ஸ்வாப் இன்டர்வல் 2. ஃப்ரீசிங்க் இருந்தால் ஒன்றும் செய்யவேண்டாம்.

பொத்தானை அழுத்தியும் தாமதமாகக் குதித்தால்

வி-சிங்க்குக்கு விலை உண்டு. ஒரு ஃபிரேம் என்பது 16.7 மில்லிவிநாடி, வரிசையில் இரண்டு மூன்று ஃபிரேம் காத்திருந்தால் மரியோ பள்ளத்தில் விழுந்த பிறகுதான் குதிப்பார். ரெட்ரோஆர்ச்சில் வல்கன் டிரைவர் என்றால் ஸ்வாப்செயின் படங்களைக் குறைத்துப் பாருங்கள், ஓபன்ஜிஎல் என்றால் ஹார்டு ஜிபியு சிங்க். பிறகு ஃபிரேம் டிலேயை 2, 4, 6 என்று ஏற்றிக்கொண்டே போய், தடுக்க ஆரம்பித்த இடத்திலிருந்து இரண்டு குறையுங்கள். ரன்-அஹெட் 1 ஃபிரேம் வைத்தால் ஆட்டத்துக்குள்ளேயே இருக்கும் தாமதமும் குறையும். ஆனால் கணினி இரட்டிப்பு வேலை செய்யவேண்டும், அதைத் தாங்குமா என்று எஃப்3-யில் பார்த்துக்கொள்ளுங்கள். தாமதம் பிடிக்கவில்லை என்று நேராக வி-சிங்க்கையே அணைப்பது கடைசி வழி.

கிழியவில்லை, ஆனாலும் படம் சரியில்லை

திரை நகரும்போது பிக்சல்கள் மினுமினுவென்று நெளிகிறதா? சூப்பர் நிண்டெண்டோவின் 224 வரியை 1080-க்கு இழுத்தால் 4.82 மடங்கு. முக்கால் பிக்சலை வரைய முடியாது, அதனால் சில வரி 5 புள்ளி உயரம், சில வரி 4. மரியோவின் தொப்பி மேலே போகும்போது ஒரு தடிமன், கீழே வரும்போது இன்னொரு தடிமன். வீடியோ, ஸ்கேலிங்கில் இன்டிஜர் ஸ்கேலைப் போட்டால் சரியாக 4 மடங்கு, 896 வரி. மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும். 1366-க்கு 768 மடிக்கணினியில் 3 மடங்கு, 672. கேம்பாய் அட்வான்ஸ் 1080 திரையில் 6 மடங்கு, 960 வரி. கறுப்புப் பட்டை பிடிக்காதவர்கள் ஷார்ப் பைலீனியர் என்ற ஷேடரை (பட வடிகட்டி) போடுங்கள். முதலில் முழு மடங்கு பெரிதாக்கி, மீதியை மட்டும் மெல்ல மழுப்பும். எனக்கு இதுதான் பிடித்தது.

ஆட்கள் குண்டாகத் தெரிந்தால் அகல விகிதம் 16:9-ல் இருக்கிறது, 4:3-க்கு மாற்றுங்கள். கேம்பாய் வகைகளுக்கு மட்டும் 4:3 வேண்டாம், அவற்றின் பிக்சல் சதுரமானது.

மரியோ 3-ல் திரையின் வலது ஓரத்தில் வண்ணக் குப்பை தெரிவது கோளாறே இல்லை. அசல் ஆட்டத்திலேயே இருப்பதுதான், குழாய் டிவியின் சட்டத்துக்குப் பின்னால் மறைந்திருந்தது. இப்படி மறையும் ஓரத்தை (ஓவர்ஸ்கேன்) வெட்டும் செட்டிங் பல கோர்களில் (ரெட்ரோஆர்ச்சுக்குள் ஓடும் தனித்தனி எமுலேட்டர்கள்) இருக்கும். என்.இ.எஸ்.-ல் எதிரிகள் கூட்டமாக வரும்போது மினுக்குவதும் அப்படித்தான்: ஒரு வரியில் 8 ஸ்ப்ரைட்டுக்கு (நகரும் சிறு உருவம்) மேல் அந்தச் சிப்பால் வரைய முடியாது, அதனால் ஆட்டமே அவற்றை மாற்றி மாற்றிக் காட்டுகிறது. ஸ்ப்ரைட் வரம்பை நீக்கும் தேர்வு பெரும்பாலான எமுலேட்டரில் உண்டு. மினுக்கும் ஆட்டத்தை 30 ஃபிரேமில் பதிவு செய்தால், ஒன்றுவிட்டு ஒரு ஃபிரேம் விழுந்துபோய் ஒரு எதிரியே வீடியோவில் காணாமல் போவார். 60-ல் பதிவு செய்யுங்கள். கேம்பாயின் மெதுவான திரையை நம்பி மினுக்கி நிழல் காட்டிய ஆட்டங்களுக்கு இன்டர்ஃபிரேம் பிளெண்டிங்.

டிரைவரை மாற்றியதும் திரை கறுத்துப் போய் மெனுவே வரவில்லை என்றால் பதற வேண்டாம். ரெட்ரோஆர்ச்சின் செட்டிங்ஸ் ஃபைலை வேறு பெயருக்கு மாற்றிவிட்டுத் திறந்தால் புதிதாக எழும். உங்கள் சேவ் ஃபைல்கள் தனி, அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. இதற்காகவே எதையும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் மாற்றவேண்டும், மாற்றியதைத் துண்டுச்சீட்டில் குறித்துக்கொள்ளவேண்டும். எல்லாம் சரியாக அமைந்ததும் குவிக் மெனுவில் ஓவர்ரைட்ஸ், சேவ் கோர் ஓவர்ரைட்ஸ் கொடுத்துவிடுங்கள். கேம்பாய்க்கு வைத்தது கேம்பாயோடு இருக்கும், காண்ட்ராவின் 50 ஹெர்ட்ஸ் மற்ற கன்சோல்களைத் தொடாது. வெளியேறும்போது கட்டமைப்பைச் சேமிக்கும் தேர்வையும் அணைத்துவிட்டால், வீட்டுப் பிள்ளைகள் மெனுவில் விளையாடினாலும் நாளைக்கு எல்லாம் பழையபடியே இருக்கும்.